கண்ணாடிப் பெட்டியில் ஒற்றைச் சாக்ஸ்

இடது காலுக்குப் போட்டாயிற்று. வலது கால்தான் படுத்தியது. இறந்தவர்களின் பாதம் ஒத்துழைக்காது என்பது வெர்னாவுக்குத் தெரியும். ஆனால் தங்கை க்ளாடிஸின் பாதம் உயிரோடு இருந்தபோதே ஒத்துழைத்ததில்லை. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போதும் இப்படித்தான், விரல்களை விரித்து வைத்துக்கொண்டு அழிச்சாட்டியம் செய்வாள். வெர்னா சாம்பல் நிறக் கம்பளிச் சாக்ஸைச் சுருட்டி, பெருவிரலில் மாட்டி, குதிகால்வரை இழுத்தாள். எழுபத்தெட்டு வயதுக்கு அது கொஞ்சம் பெரிய வேலை. மூச்சு வாங்கியது.

"கண்ணு, கால யாரும் பாக்கப் போறதில்ல" என்றார் ஃபெஸ்லர்.

ஃபெஸ்லர் விளம்பரக்காரர். முப்பத்தைந்து வருடமாக க்ளாடிஸைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் நல்லதாகச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவர். எல்லோரையும் அவர் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சிரமம் மிச்சம். அவர் சொன்னது சரிதான். சவப்பெட்டியின் மூடி இரண்டு பாதியாக இருந்தது. அஞ்சலிக்கு மேல்பாதியைத் திறந்துவைப்பார்கள். கீழ்ப்பாதி மூடியே இருக்கும். எவ்வளவு பெரிய நடிகையானாலும் கடைசிக் காட்சியில் இடுப்புக்குக் கீழே இடமில்லை.

"க்ளாடிஸுக்குக் காலு சில்லுனு ஆயிடும்" என்றாள் வெர்னா.

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஃபெஸ்லர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஓ, கொரினுக்கா!"

ஒஹாயோவின் டொலிடோ நகரில் க்ளாடிஸ் பாவ்லக் என்று பிறந்தவளை உலகம் கொரின் ஹேவன் என்றுதான் அறியும். பற்பசை விளம்பரத்தில் சிரிக்கத் தொடங்கி, நாற்பத்தியொரு படங்களில் நடித்து, நடிப்புக்கு விருதாகத் தங்கச் சிலை ஒன்றும் வாங்கியவள். செவ்வாய்க்கிழமை காலை கலிஃபோர்னியாவின் பர்பாங்கில், தன் வீட்டுச் சமையலறையில், முட்டை வெந்துகொண்டிருக்கும்போது விழுந்து இறந்தாள். பத்திரிகைகளில் 'ரோஜாத் தோட்டத்தில் அமைதியாக' என்று வந்திருந்தது. முட்டையை நீக்கியது ஃபெஸ்லர். விருது விழாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. மறைந்தவர்களை நினைவுகூரும் பகுதியில் கொரினுக்குப் பதினைந்து நொடி கிடைத்துவிட்டதாக அவர் நேற்று தொலைபேசியில் சொன்னபோது, கிட்டத்தட்ட வாழ்த்துத் தெரிவிக்கும் குரலில்தான் சொன்னார்.

இப்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "'காலு சில்லுனு ஆயிடும்'... அப்படியே அந்தப் படத்துல வர்ற மாதிரியே சொன்னீங்க! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. தங்கச்சி நடிப்பு அக்காவுக்கும் ஒட்டிக்கிச்சு பாருங்க."

இந்த விஷயத்தில் பதில் சொல்லாமல் இருந்து வெர்னாவுக்கு முப்பத்தெட்டு வருடப் பழக்கம்.

*

நடந்தது இதுதான். 1969 மார்ச்சில் வெர்னாவின் ஒரே மகள் மார்ஸிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஆறு வயது. அப்போது யாருக்கும் தெரியாத நடிகையாக இருந்த க்ளாடிஸ், கடன் வாங்கி விமானம் ஏறி கலிஃபோர்னியாவிலிருந்து வந்தாள். இரண்டு இரவு அக்காவோடு ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் டாக்டர் வெளியே வந்து இல்லையென்று தலையை ஆட்டினார்.

வெர்னா அழவில்லை. மடியிலிருந்த பையைத் திறந்து மார்ஸியின் சிவப்புச் சாக்ஸில் ஒன்றை எடுத்தாள். மார்ஸி எப்போதும் சாக்ஸை உள்புறம் வெளியே வருமாறுதான் கழற்றி எறிவாள். எத்தனை திட்டினாலும் அப்படித்தான். வெர்னா அதை நேராகத் திருப்பினாள். தொடையில் வைத்து நீவினாள். பிறகு டாக்டரிடம் நீட்டினாள்.

"காலு சில்லுனு இருக்குமே. இதப் போட்டு விடுறீங்களா?"

டாக்டர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. வெர்னா அதை பெஞ்சில் வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்க்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பெஞ்சில் க்ளாடிஸ் இருந்தாள். சாக்ஸ் இல்லை.

தேடினார்கள். பெஞ்சுக்கு அடியில், குப்பைக்கூடையில், அழுக்குத்துணி வண்டியில். க்ளாடிஸ் தன் நல்ல பாவாடையோடு தரையில் மண்டியிட்டுத் தவழ்ந்து தேடினாள். "நர்ஸ் யாராவது பெருக்கித் தள்ளியிருப்பாங்க வெர்னா" என்று சொல்லி, அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மார்ஸியைப் புதைத்தபோது வலது காலில் சிவப்பு, இடது காலில் வெள்ளை. பெட்டியின் கீழ்ப்பாதி மூடியிருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த வெள்ளைக் கால் வெர்னாவைப் பல வருடம் தூங்கவிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்தப் படம் வந்தது. டொலிடோவே திரண்டு போய்ப் பார்த்தது. நம்ம ஊர்ப் பெண் ஆயிற்றே. வெர்னாவும் அவள் கணவன் ஸ்டானும் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஆஸ்பத்திரி நடைபாதை. டாக்டர் தலையை ஆட்டுகிறார். கொரின் ஹேவன் பையைத் திறந்து, சிவப்புச் சாக்ஸை எடுத்து, திருப்பி, தொடையில் வைத்து நீவுகிறாள். "காலு சில்லுனு இருக்குமே..."

அரங்கமே விம்மியது. ஸ்டான் எழுந்து வெளியே போனான். வெர்னா கடைசிவரை உட்கார்ந்து தங்கையின் முகத்தை மட்டும் பார்த்தாள். மறுநாள் க்ளாடிஸிடமிருந்து தொலைபேசி வந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படியிருந்துது?"

"நல்லாருந்துது."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை. சிலை வாங்கியபோது க்ளாடிஸ் இயக்குநருக்கு, ஒளிப்பதிவாளருக்கு, அப்போதைய கணவனுக்கு, தன் நாய்க்கு நன்றி சொன்னாள். அந்தக் காட்சி தன் தனிமையின் ஆழத்திலிருந்து வந்ததாகவும் சொன்னாள். அந்த ஆழம் டொலிடோ ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருந்தது என்பதைச் சொல்ல நேரம் போதவில்லை போலிருக்கிறது.

வெர்னா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். நடிகை என்றால் பார்த்ததைத்தானே செய்வாள்? தையற்காரி கண்ணில் பட்ட சட்டையை மனசுக்குள் அளவெடுப்பதில்லையா? ஆனால் ஸ்டான் இறந்தபோது அவனுடைய சாக்ஸை அவள் மடிக்கவில்லை. கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி யாராவது 'உன் தங்கச்சி மாதிரியே பண்றியே' என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

*

பத்து மணிக்கு அஞ்சலிக் கூடம் நிரம்பிவிட்டது. முன்னாள் கணவர்கள் மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, மற்ற இருவரும் எவ்வளவு அழுகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். வெர்னா டொலிடோவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கசகசா ரொட்டியை வாசலில் காவல்காரர் பறிமுதல் செய்திருந்தார். உள்ளே குச்சியில் குத்திய இறால் கொடுத்தார்கள்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேடை, மேடைமேல் கண்ணாடிப் பெட்டி. அதன் அருகே வெள்ளைக் கையுறை போட்ட பெண்ணொருத்தி நின்றிருந்தாள்.

"சினிமா மியூசியத்துலேர்ந்து மிஸ் டெல்கடோ" என்று ஃபெஸ்லர் காதருகே சொன்னார். "அந்தச் சாக்ஸ் வந்திருக்கு கண்ணு! இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அனுப்பியிருக்காங்க. எத்தனை பேரைப் பிடிச்சு வாங்கினேன் தெரியுமா?"

வெர்னா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. படத்துக்கு வாங்கின ஏதோ ஒரு சாக்ஸ். பார்க்க என்ன இருக்கிறது?

இயக்குநர் பேசினார். எண்பத்தி நான்கு வயதில், கொரினைத் தான் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார். "அந்தக் காட்சிக்கு நான் எழுதினது 'அவள் அழுகிறாள்'னு ஒரே வரி. கொரின்தான் சொன்னா, 'இல்ல, அவ அழ மாட்டா'ன்னு. எங்கேர்ந்து வந்துச்சு அது? குதிகால்ல இருந்த பச்சை நூலப் பாருங்க! சிவப்புத் துக்கத்துக்கு நடுவுல பச்சையா துளிர்க்கிற நம்பிக்கை! பல்கலைக்கழகத்துல அதப் பத்தி ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க."

வெர்னா நிமிர்ந்தாள்.

திரையில் அந்தக் காட்சி ஓடத் தொடங்கியது. எல்லோரும் கைக்குட்டையைத் தயாராக எடுத்தார்கள். அவள் மட்டும் எழுந்து கண்ணாடிப் பெட்டியிடம் போனாள். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

சிவப்பு வெளிறி செங்கல் நிறமாகியிருந்தது. குதிகாலில் ஒரு நாணய அளவுக்கு இழையிட்டுத் தைத்திருந்தது, பச்சை நூலில். நம்பிக்கையெல்லாம் ஒன்றுமில்லை. அந்த வாரம் சிவப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது.

"இது எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்டாள்.

மிஸ் டெல்கடோ பணிவாகச் சொன்னாள். "கொரின் மேடமே குடுத்தது. படத்துக்குன்னு வாங்கின சாக்ஸ் வேணாம்னுட்டு, தன் பையிலேர்ந்து இத எடுத்தாங்களாம். எங்க கிடைச்சதுன்னு கேட்டா, 'அதுவா என்கிட்ட வந்தது'ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க."

"உள்பக்கம் திருப்பிப் பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க. பழசு, இழை விட்டுடும்."

"குதிகால் உள்பக்கம் ரெண்டு முடிச்சு இருக்கும். நான் முடிச்சு ஒண்ணு போடறதில்ல, ரெண்டு போடுவேன்."

மிஸ் டெல்கடோ அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பூட்டைத் திறந்து, கையுறை போட்ட விரலை உள்ளே விட்டு, சாக்ஸின் வாயை மெல்ல மடித்துப் பார்த்தாள். திரையில் கொரின் ஹேவன் சாக்ஸை நீவிக்கொண்டிருந்தாள். மிஸ் டெல்கடோ விரலை எடுத்துவிட்டாள். அவள் முகத்திலிருந்த மியூசியத் தோரணை போய்விட்டிருந்தது.

"யாரோடதுங்க இது?"

"என் பொண்ணோடது."

அந்தத் தரை ஞாபகம் வந்தது. நல்ல பாவாடையோடு மண்டியிட்டுத் தவழ்ந்த தங்கை. பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிய தங்கை. 'நர்ஸ் யாராவது பெருக்கித் தள்ளியிருப்பாங்க வெர்னா.' அப்போது அது அவளுடைய பையில்தான் இருந்திருக்கிறது. நாற்பத்தியொரு படங்களில் அவ்வளவு பிரமாதமாக அவள் நடித்ததில்லை. பார்வையாளர் ஒருத்திதான், அவளும் இன்றைக்குத்தான் அது நடிப்பென்று கண்டுகொண்டாள்.

"எனக்கு அது வேணும்" என்றாள் வெர்னா.

"நான் நம்பறேங்க" என்று மெதுவாகச் சொன்னாள் மிஸ் டெல்கடோ. "ஆனா என் கையில ஒண்ணுமில்ல. கமிட்டி ஏப்ரல்ல கூடும். எழுதிக் குடுத்தீங்கன்னா..." சொல்லிக்கொண்டே பூட்டினாள். சாவியைத் திருப்பும்போது அவள் வெர்னாவைப் பார்க்கவில்லை.

வாசனை வைத்துக் கண்டுபிடித்தவர்போல ஃபெஸ்லர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். அவர் முகம் முதலில் வெளுத்தது. அப்புறம் மெல்ல மெல்லப் பிரகாசமானது.

"கண்ணு, இன்னிக்கு வேணாம். டிவிக்காரங்க இருக்காங்க. ஒரு வாரம் பொறுங்க, இத அழகா பண்ணிடலாம். அக்கா தன் துக்கத்தத் தங்கச்சிக்குப் பரிசா குடுத்தா! நீங்களே கைல எடுத்துக் குடுத்தீங்கன்னு சொல்லுவோம். என்ன சொல்றீங்க? பதினஞ்சு நொடி முப்பது ஆயிடும்."

"நான் குடுக்கல."

"தெரியும் கண்ணு. சொல்லுவோம்னுதான் சொல்றேன்."

கைத்தட்டல் எழுந்தது. காட்சி முடிந்திருந்தது. இறந்தவளுக்குக் கைதட்டலாமா என்று யாருக்கும் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை.

*

மூடியை இறக்குவதற்கு முன் குடும்பத்தாருக்கு ஐந்து நிமிடம் தனியாகக் கொடுப்பது வழக்கம். பெட்டியைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். குடும்பம் என்று வெர்னா ஒருத்திதான். ஊழியர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார்கள்.

க்ளாடிஸ் அழகாக இருந்தாள். கன்னத்துக்கு நிறம் பூசி, உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பையும் வைத்திருந்தார்கள். வெர்னா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழ்ப்பாதி மூடியைத் தூக்கினாள். கனமாக இருந்தது. இரண்டு கால்களும் காலையில் அவள் விட்டபடியே, சாம்பல் நிறக் கம்பளிக்குள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன.

இடது குதிகாலைப் பிடித்து சாக்ஸை உருவினாள். போடும்போது பட்ட பாடு இல்லை. ஒரே இழுப்பில் வந்துவிட்டது, உள்புறம் வெளியே வந்தபடி. அவள் விரல்கள் தாமாகவே அதைத் திருப்பத் தொடங்கின. பாதியில் நிறுத்தினாள். அப்படியே சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு மூடியை இறக்கினாள்.

கதவு தட்டும் சத்தம். ஃபெஸ்லர் தலையை நீட்டினார்.

"ஆச்சா கண்ணு?"

"ஆச்சு."

ஆறு பேர் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இன்னும் வரிசை நின்றது. ஒரு பெண் தன் மகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். வெர்னா அவர்களைத் தாண்டி வெயிலுக்கு வந்து, காரின் பின்இருக்கையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அதன் கொக்கியில் சாம்பல் நிறக் கம்பளி ஒரு விரற்கடை வெளியே சிக்கியிருந்தது. அவள் அதை உள்ளே தள்ளவில்லை.