ஓடையோரத்துப் புல்

ஓடையோரத்துத் துண்டு நிலத்தை உழாமல், விதைக்காமல், பறவைக்கும் பூச்சிக்கும் விட்டு வைத்தால் அரசாங்கம் ஆண்டுதோறும் ஒரு தொகை தரும். அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டவள் அண்ணி. கணவன் போன பிறகு நிலம் அவளுக்கும் கொழுந்தனுக்கும் பொது. கொழுந்தனோ வரப்பைக்கூடச் சீவிச் சிங்காரித்து வைக்கிற ஆள். அவன் வயலில் ஒரு களை தலை தூக்கிவிடுமா? ஊரில் அவனுக்குப் பேரே துடைப்பம்.

"சும்மா கெடக்குற நெலத்துக்குக் காசா? நல்ல கூத்தா இருக்கே அண்ணி! சரி, ஒரு வருஷம் பாப்போம். பணம் வரலேன்னா உழுதுடுவேன். அப்புறம் நீங்க வாயே தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டேன் தம்பி" என்று வாக்குக் கொடுத்தாள்.

புல் இடுப்பளவு வளர்ந்தது. துடைப்பத்துக்கு வயதாகிவிட்டது என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவன் கூசிப் போனான். அவளுக்கோ அந்தப் புல்லைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அது வேர் பிடித்த பிறகுதான் மழைக்கு மண் கரைந்து ஓடையில் போவது நின்றிருந்தது.

அதிகாரி பார்வையிட வருகிற அன்று காலை, ஓடைப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். போய்ப் பார்த்தால், புல் எல்லாம் படுத்துக் கிடக்கிறது!

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "பெரிய அதிகாரி வர்றாங்க. எடத்தைக் குப்பையா வெச்சிருந்தா நம்ம மானம் என்னாகுறது? அதான் பளிச்சுன்னு ஆக்கிட்டேன்."

"அட பாவி மனுஷா! வெட்டாம இருக்குறதுக்குத்தான்டா பணமே!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்துவிட்டது.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். நல்ல மனசுக்காரி. சுற்றிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "மாடு கீடு புகுந்து மேஞ்சிடுச்சாம்மா? அப்படின்னா பணத்தை நிறுத்த மாட்டாங்க. நீங்க சொன்னா எழுதிக்கிறேன்."

ஒரே ஒரு பொய். சொன்னால் பணம் வரும், நிலமும் தப்பும். கொழுந்தன் கண்ணாலேயே கெஞ்சினான். அண்ணிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"மாடு இவ்வளவு நேர்க்கோடா மேயுமா மேடம்? நாங்கதான் வெட்டினோம். எதுக்காக விட்டு வைக்கிறோம்னு தம்பிக்கு நான் வெவரமா சொல்லல."

"அப்போ இந்த வருஷம் பணம் கிடையாதும்மா" என்று பெருமூச்சு விட்ட அதிகாரி, நாலு எட்டு நடந்து நின்றார். நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குப் புல் வெட்டாமல் நின்றது. "இது என்ன?"

கொழுந்தன் திருடன் மாதிரி விழித்தான். "கௌதாரி மேடம். முட்டை மேல உக்காந்திருந்துச்சு. வண்டி கிட்ட வந்தும் எந்திரிக்கல. மனசு கேக்கல, சுத்திப் போயிட்டேன்."

அதிகாரி சிரித்துக்கொண்டே விடைபெற்றுப் போனார்.

அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொன்ன சொல் சொல்லுதான் தம்பி. பணம் வரல. நீ உழுதுக்கோ."

அவன் பதில் சொல்வதற்குள் வரப்பில் போன பக்கத்து வயல்காரர் நின்றுவிட்டார். "என்னப்பா, நடுவுல ஒரு கொத்து தவறிப் போச்சே! கண்ணு மங்கிடுச்சா?"

இப்படி ஒரு பேச்சுக்கு இத்தனை நாள் தலை குனிந்தவன், இன்று நிமிர்ந்து நின்றான்.

"தவறல. நாந்தான் விட்டேன். இனிமே இங்க ஏரும் எறங்காது, மிஷினும் எறங்காது. பணம் வந்தா வருது, வராட்டிப் போகுது. வேணும்னா நீங்களும் வந்து பாருங்க. ஆனா சத்தம் போடக் கூடாது. அது முட்டை மேல உக்காந்திருக்கு."

அவன் குரலில் இருந்த கர்வத்தைக் கேட்டு அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது.