தூங்குகிறவர் வீட்டில் வால்வு ஆம்ப்

வீட்டோடு மாப்பிள்ளை கிதார் வாசிக்கக் கூடாது. வாசித்தே தீருவேன் என்றால் வால்வு ஆம்ப், அதாவது அந்தக் கால ரேடியோ போலக் கண்ணாடிக் குழல் வைத்த ஆம்ப்ளிஃபையர், வாங்கக் கூடாது. இரண்டையும் செய்த முட்டாள் நான்தான்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் ராயபுரத்தில் மாமனார் சைமன் வீட்டில் ஆறு வருடமாக விருந்து. ஒரே ஹால். நடுவில் என் மனைவி ஐரீன் கட்டிய திரை. திரைக்கு அந்தப் பக்கம் மாமனார் படுத்திருப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எப்போதும் நைட் ஷிஃப்ட், ஆகவே பகலில்தான் தூக்கம். எனக்கு கன்டெய்னர் யார்டில் சீல் சரிபார்க்கும் வேலை. அதுவும் அவர் சொல்லி வாங்கித் தந்ததுதான்.

கல்யாணமான புதிதில் ஒரு மதியம் ஆம்ப்பைப் போட்டு எல்லாத் தந்தியையும் சேர்த்து ஒரே ஒரு கார்டு அடித்தேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வெடித்தது.

"யார்றா அவன்? மனுசன் தூங்க வேணாமா!"

வாசலில் கன்டெய்னர் லாரி போனால் வீடே அதிரும், அதற்கெல்லாம் அவர் புரண்டுகூடப் படுத்ததில்லை. என் கிதாருக்கு எழுந்தார். அதற்கப்புறம் அவர் கத்தவுமில்லை, நான் சத்தமாக வாசிக்கவுமில்லை.

வால்வு ஆம்ப்போடு பேஜாரே இதுதான். வால்யூமை நன்றாக முறுக்கினால்தான் டோன் வரும். குறைத்து வைத்தால் தகரத்தைச் சுரண்டுவது போலிருக்கும். ஆனால் பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப் என்று இரண்டு ஓட்டைகள் உண்டு. உள்ளே டோன் உருவானதும், அது பலம் பெறுவதற்கு முன்னால், ஒரு ஓட்டை வழியாக வெளியே போய் மற்றதன் வழியாகத் திரும்பி வரும். எக்கோ பெடல் மாட்டுகிற இடம் அது. நான் பழைய ரேடியோவின் வால்யூம் திருகை ஒரு சோப்பு டப்பாவில் பொருத்தி அங்கே மாட்டினேன். பிளாஸ்டிக் என்பதால் கொர்ரென்று இரைச்சல். ஐரீனின் தகரப் பவுடர் டப்பாவுக்கு மாற்றியதும் இரைச்சல் ஓடிப்போனது. ஆம்ப்பை முழுக்க முறுக்கிவிட்டு, டப்பாவில் அதன் குரல்வளையைப் பிடித்தேன். அடடா! கொதிக்கிற டோன், கொசுவின் சத்தத்தில்.

"பவுடரும் போச்சு, புருசனும் போனான்" என்றாள் ஐரீன்.

அப்படி வாசித்துக் கேசட்டில் பதிந்து அனுப்பியதைக் கேட்டுத்தான் தாமஸ் வந்தார். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல்களுக்கு பேண்டு ஆள் பிடித்துத் தருகிறவர். நேரில் கேட்க வேண்டும் என்று ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கே வந்துவிட்டார். இந்தக் கப்பல் கிடைத்தால் ஐரீனுக்கும் எனக்கும் தனி வீடு, திரையில்லாத வீடு. கிடைக்காவிட்டால் சாகிறவரைக்கும் சீலும் திரையும்தான்.

அன்றைக்கென்று மாமனார் படுக்காமல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

வாசித்தேன். தாமஸ் தலையாட்டினார். "டோன் சூப்பரா கீது ஹென்றி. கொஞ்சம் ஏத்துப்பா."

டப்பாவைத் திருகினேன். ஜன்னல் அதிர்ந்தது. மாமனார் இருமினார். என் கை தானாகப் போய்க் குறைத்தது.

"ஏம்பா கொறச்சே? கப்பல்ல டிரம்ஸ் கீது, நூறு பேர் துன்னுகினு பேசிகினு இருப்பான். ஏத்து."

ஏற்றினேன். இரண்டே கார்டு, மறுபடி கை டப்பாவில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன பூசாரி என் கையேதான்.

"ஏத்து மாப்ள" என்றார் மாமனார். "நான்தான் முழிச்சிகினு கீறேனே!"

ஐரீனுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு" என்று ஆம்ப்பின் பின்னால் போய் இரண்டு ஒயரையும் பிடுங்கி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். இனி ஆம்ப்பின் குரல்வளையைப் பிடிக்க ஒன்றுமில்லை. "இப்ப அடி."

அடித்தேன். வீடே குலுங்கியது. அந்தச் சத்தம் என்னுடையதுதான் என்று நம்ப முடியவில்லை. பயமாக இருந்தது, வேறென்ன சொல்ல! தூங்குகிற ஆளைத் தாண்டிப் போகிறவன் காலை வைப்பது போல விரலை வைத்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

தாமஸ் டீயைக் குடித்து முடித்தார். "தப்பா நெனக்காத தம்பி. வெரலு நல்லா கீது. ஆனா யாரும் எழுந்துடக் கூடாதுன்னு வாசிக்கிற. கப்பலுக்கு அது ஆவாது." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக மாமனாரிடம் குரலை உயர்த்தினேன்.

"எல்லாம் உங்களாலதான் மாமா! உங்க தூக்கம் கெடக் கூடாதுன்னுதான் நான் இப்படி ஆனேன்!"

அவர் என்னையே பார்த்தார். "நான் எங்க தூங்குனேன்? நீ வாசிக்கிறப்போ திரையாண்ட காத வெச்சிகினு படுத்துனு கெடப்பேன். ஒரு எழவும் கேக்காது. இன்னும் கொஞ்சம் ஏத்த மாட்டானான்னு இருக்கும்."

"அன்னிக்கு அப்படிக் கத்தினீங்களே?"

"ரெண்டு ஷிஃப்ட்டு சேத்துப் பாத்துட்டு வந்த நாளு அது. ஒரு நாளு கத்துனேன். அதுக்கு ஆறு வருசமா?"

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"வூட்டு மாப்ளைய இப்டி வாசி, அப்டி வாசின்னு நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

அவர் எழுந்து திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்தார். இரவு வேலை இருந்தது. "வாசி மாப்ள" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். "நல்லா சத்தமா."

ஆம்ப் இன்னும் சூடாகத்தான் இருந்தது. கிதாரை எடுத்து மடியில் வைத்தேன். திரை அசையவில்லை.

பிறகு ஐரீனிடம் கையை நீட்டினேன்.

"டப்பாவக் குடு" என்றேன், அவர் காதில் விழாதபடி.