மேதையின் கெட்டில்

வயலின் மேதை அந்த மாடிவீட்டில் குடியிருந்தது இரண்டே வருஷம். அவர் காலி செய்த பிறகு, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவர் மனைவியோடும் மகனோடும் அங்கே ஒரு மாமாங்கத்துக்கு மேல் குடியிருந்தார். மேதை செத்ததும் வீட்டை நினைவில்லம் ஆக்கிவிட்டார்கள். காயில்காரர் இன்னும் சாகவில்லை. ஆகையால் அவர் அங்கே இருந்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்காக அவர் வருத்தப்பட்டவரும் அல்ல. அவருக்கு இருந்த வருத்தம் வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்று இருப்பது அவர் ஒருத்தர்தான். அவர் மனைவியோ, "நீங்க போங்க, உங்க தங்கச்சி வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பெண்டாட்டி இல்லாமல் தாய்மாமன் மட்டும் தனியாகப் போய் நின்றால், வருகிறவன் போகிறவன் எல்லாம் "அக்கா எங்கே, அத்தை எங்கே" என்று கேட்பான். மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். தங்கை முகம் தொங்கிப்போகும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கெட்டில்.

அது அவர் மனைவிக்கு அவள் அம்மா கொடுத்தது. ஒரு நாள் அதன் கைப்பிடியின் மர உறை உடைந்தது. காயில்காரர் அதைத் தன் கடைக்குக் கொண்டுபோய், வெறும் இரும்பு வளைவின் மேல் மோட்டார் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, வார்னிஷ் அடித்து, காயவைத்துக் கொண்டுவந்தார். அந்தக் கைப்பிடிக்குக் கரண்ட் கொடுத்தால் கெட்டில் தானாகவே சுற்றும் என்று கடைத்தெருவில் பேச்சு இருந்தது. ஒருவரும் கொடுத்துப் பார்க்கவில்லை. மாடிவீட்டைக் காலி செய்துகொண்டு இப்போதிருக்கும் வீட்டுக்கு வந்தபோது, வந்த சாமான்களில் அந்தக் கெட்டில் மட்டும் இல்லை.

சமையலறைச் சாமான் முழுவதையும் கட்டியது அவர் மனைவி. "பரண்ல கடைசி மூலை வரைக்கும் நானே கைய விட்டுத் தடவிப் பாத்துட்டேன், ஒரு கரண்டி கூட விடல" என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தாள். ஆகவே, மூட்டை கட்ட ஒத்தாசைக்கு வந்த நாத்தனார் கேட்டிருக்க வேண்டும், இவர் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அவள் தீர்ப்பு. சாட்சி உண்டா என்றால், உண்டு. நாத்தனார் எப்போதோ ஒரு தடவை, "கெட்டில் நல்லா இருக்கே அண்ணி" என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து நாத்தனார் வீட்டுக்கு வந்தால் பச்சைத் தண்ணீர்தான். "டீ போடலாம்னா கெட்டில் இல்லையேம்மா" என்பாள் அண்ணி, சிரித்துக்கொண்டே.

இப்படி இருக்கையில் முடிவெட்டுகிறவர், காயில்காரரின் பிடரியில் கத்தியை வைத்துக்கொண்டு ஒரு சேதி சொன்னார். அவர் தன் சம்பந்தி வீட்டாரை நினைவில்லம் பார்க்கக் கூட்டிப்போயிருந்தாராம். "அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு கெட்டில் வெச்சிருக்கான். கைப்பிடியில மோட்டார் காயில் சுத்தியிருக்கு. பாத்தா உங்க கை வேலை மாதிரியே இருக்கு."

காயில்காரருக்கு மயிர் சிலிர்த்தது. நல்லவேளையாக அதில் பாதியை அப்போதுதான் வெட்டியிருந்தார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம் என்று ஒரு நாள் வைத்திருந்தார்கள். அன்றைக்கு மனைவியைக் கூப்பிட்டார்.

"நான் பெருக்கித் துடைச்ச வீட்ட நானே போய் வேடிக்கை பாக்கணுமா? தலையெழுத்தா எனக்கு?"

"சமையல்கட்ட மாத்திக் கட்டிட்டாங்களாம்."

"யாரக் கேட்டு?" என்று எழுந்தவள், அடுத்த நிமிஷம் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

நினைவில்லத்தில் படியேறியதும் செருப்புக்கு மேலே துணிப்பை மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். "தரை கெட்டுடுமாம். நீங்க இங்க கிரீஸ் காலோட நடந்தப்ப இந்தப் பை எங்க போச்சோ" என்றாள் மனைவி. உள்ளே கையில் நீளக் குச்சியோடு ஒரு பெண் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்பதற்குப் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு ரசிகர், எதைக் காட்டினாலும் "ஆகா" என்று சொல்வதற்குத் தயாராக வாயைப் பாதி திறந்து வைத்திருந்தார்.

விளக்கக்காரி கூடத்துச் சுவரைக் குச்சியால் காட்டினாள். கதவோரமாக, கீழிருந்து மேலாகப் பென்சில் கோடுகள். "இந்த ஏழு கோடுகளையும் பாருங்க. ஏழு ஸ்வரங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் என்ன உயரம்னு மேதை தன் கையாலயே குறிச்சு வெச்சிருக்கார்."

"ஆகா" என்றார் தொப்பிக்காரர்.

"இந்தாம்மா, அது என் பையன் உயரம்" என்றாள் காயில்காரர் மனைவி. "வருஷா வருஷம் நிக்க வெச்சு அளந்தது. ஏழாவது கோட்டோட அவன் வளர்த்தி நின்னுபோச்சு. அவங்கப்பா வழி."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஏழாவது கோட்டையும் பார்த்தது, காயில்காரரையும் பார்த்தது. விளக்கக்காரி பழகிப்போன புன்னகையோடு தொடர்ந்தாள். "அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில இடைவெளியே இல்ல, கவனிச்சீங்களா? இதுதான் மேதையோட தனித்தன்மைன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க."

"அந்த வருஷம் டைஃபாய்டு" என்றாள் மனைவி.

"உஷ்" என்றார் தொப்பிக்காரர்.

அடுத்தது குளியலறை. குழாய் சொட்டுச் சொட்டென்று ஒழுகிக்கொண்டிருந்தது. மேதை இந்த ஒழுகலில்தான் தாளம் கற்றாராம். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் காலத்தில் யார் கெஞ்சியும் பழுதுபார்க்கப்படாத குழாய் அது. இப்போது அதன் ஒழுகல் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு குழாய்க்காரரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். படுக்கையறைச் சுவரில் ஓர் ஆணி. மேதை வயலின் வில்லை மாட்டிய ஆணியாம். "என் மாவுச் சல்லடை மாட்டுறது" என்று மனைவி முணுமுணுத்தாள். அறைக்கு அறை அவளுக்கு ஆங்காரம் ஏறிக்கொண்டே வந்தது. காயில்காரருக்கோ வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இவ்வளவையும் தன்னுடையது என்கிறவள், கெட்டிலை மட்டும் விட்டுவிடுவாளா?

கடைசியாகச் சமையலறை. நடுவில் கண்ணாடிப் பெட்டி. மேலே ஒரு விளக்கு, கீழே ஒரு வெல்வெட் துணி. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைக் கூட அவ்வளவு பத்திரமாக வைக்க மாட்டார்கள். உள்ளே கெட்டில்.

"இது நம்ம நினைவில்லத்தோட பொக்கிஷம்" என்று குரலைத் தாழ்த்தினாள் விளக்கக்காரி. "வீட்டைச் சீரமைக்கும்போது பரண்ல, கடைசி மூலையில கிடைச்சது. கைப்பிடியப் பாருங்க. மேதை தன் வயலின் கம்பிய எடுத்துச் சுத்தியிருக்கார். தண்ணி கொதிக்கும்போது அந்தக் கம்பி அதிரும். அந்த நாதத்தக் கேட்டுத்தான் தினமும் சுருதி சேர்ப்பாராம்."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காயில்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். சுற்றின் கடைசி நுனியை உள்ளே மடக்கிச் சொருகியிருந்த விதத்தைப் பார்த்தார். தாய்க்குப் பிள்ளையைத் தெரியாதா? "அம்மா, இது வயலின் கம்பி இல்ல. மோட்டார் கம்பி. சுத்தினது நான். இந்தக் கெட்டில் எங்க வீட்டுது" என்றார்.

விளக்கக்காரி கோபப்படவில்லை. "மாசத்துக்கு ரெண்டு பேர் இப்படி வர்றாங்க ஐயா. போன மாசம் ஒருத்தர் வந்து, மேதையே நான்தான்னார்."

"என்ன செஞ்சீங்க?"

"உக்காரவெச்சு வாசிக்கச் சொன்னோம். போயிட்டார்."

"நான் எதையும் வாசிக்க வேணாம். என் வீட்டம்மா இதோ நிக்கிறா. அவளக் கேளுங்க. நீயே சொல்லு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கெட்டிலைப் பார்த்தாள். காயில்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் முதலில் கைப்பிடிக்குப் போனது. பிறகு மூக்கின் அடியில் இருந்த நசுங்கலுக்குப் போனது. அது மகன் சின்ன வயதில் கீழே போட்டது. அவள் உதடு பிரிந்தது, அம்மா என்று கூப்பிடப் போகிறவள் மாதிரி. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது இவருக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு அவள் கண் மெதுவாக மேலே ஏறிப் பரணில் போய் நின்றது. கடைசி மூலை இருட்டாக இருந்தது.

"நம்மது இல்லைங்க" என்றாள்.

"என்னது?"

"நம்மது கொஞ்சம் பெரிசு. மூக்கு அந்தப் பக்கம் பாத்து இருக்கும்."

"திருப்பி வெச்சா அந்தப் பக்கம் பாக்காதா?"

"சும்மா இருங்க. பெரியவங்க தொட்ட பொருள நம்மளுதுன்னு சொல்றது பாவம்." அவள் விளக்கக்காரியிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. இவருக்கு வயசாச்சு, எந்தக் கம்பியப் பாத்தாலும் தான் சுத்தினதுன்னுதான் தோணும். அந்தச் சுவத்துக் கோடு கூட நீ சொன்னதுதான் சரியா இருக்கும். என் பையன நிக்க வெச்சது எதிர்ச் சுவர்."

பெற்ற பிள்ளையையே சுவர் மாற்றி நிறுத்திவிட்டாள். தொப்பிக்காரர் அவளைப் பார்த்துத் தலைவணங்கினார். விளக்கக்காரி மறுபடி வயலின் கம்பியிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை காயில்காரர் மனைவிதான் முதலில் "ஆகா" என்றாள்.

வெளியே வந்து தெருவோரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றிக் காயில்காரர் கேள்விப்பட்டிருக்கிறார். விளக்குப் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த கெட்டிலை மறைத்ததை இன்றைக்குத்தான் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி சொன்னாள், "ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு நானும் வர்றேன்."

அவர் நிமிர்ந்தார்.

"பாவம், அவளும் சின்னப் பொண்ணுதானே அப்ப. ஆசைப்பட்டு எடுத்துட்டா. எவ்வளவு நாளைக்கு மனசுல வெச்சுக்கிறது? மன்னிச்சுட்டேன்னு வெச்சுக்கங்க."

"யாரு எடுத்தா? எத எடுத்தா? இப்பத்தானே கண்ணால—"

"ஆனா ஒண்ணு. நீங்கதான் குடுத்தீங்கன்னு ஒத்துக்கணும். அவளும் வாங்கினேன்னு ஒத்துக்கணும். தப்பே பண்ணாதவங்கள நான் எப்படிங்க மன்னிக்கிறது?"

நியாயமான கேள்விதான். காயில்காரர் யோசித்தார். உண்மை தன் பக்கம் இருந்தது. ஆனால் உண்மையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியாது. ஊரில் ஒருவனும் "உண்மை எங்கே, வரலையா" என்று கேட்கப் போவதில்லை.

"சரி. நான்தான் குடுத்தேன்" என்றார்.

"எதுல வெச்சுக் குடுத்தீங்க?"

"பைல."

"எந்தப் பை?"

"காய்கறிப் பை. பச்சைக் கலர்."

"அந்தப் பை கிழிஞ்சுபோய் ஒரு வருஷம் ஆகியிருந்துச்சே அப்ப."

"பழைய துணியில சுத்தித்தான் குடுத்தேன்" என்று திருத்திக்கொண்டார். "நீ கீழ வண்டிக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தப்ப. பின்பக்கப் படி வழியா."

அவள் திருப்தியாகத் தலையை ஆட்டினாள். "எனக்கு அப்பவே தெரியும். வண்டிக்காரன் அவ்வளவு நேரம் பேசுறப்பவே நெனச்சேன். போன் போடுங்க."

அவர் போன் போட்டார். தங்கை கல்யாண வேலையில் தொண்டை கட்டிப்போய் இருந்தாள். அண்ணன் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணி வர்றா."

தங்கை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "நெசமாவா அண்ணா?"

"நெசமாத்தான். ஆனா நீ அந்தக் கெட்டில வாங்கினேன்னு ஒத்துக்கணும்."

"வாங்காதத எப்படிண்ணா வாங்கினேன்னு சொல்றது?"

"நான் குடுக்காதத குடுத்தேன்னு சொல்லிட்டேன். அதுல பாதிதான் உன் வேலை. ரொம்ப சுலபம்."

"சரிண்ணா, என் பொண்ணு கல்யாணம், சொல்லிடறேன். ஆனா ஒரு பயம்." தங்கை குரலைத் தாழ்த்தினாள். "வாங்கினேன்னு சொன்ன மறு நிமிஷம், எங்க அது, எடுன்னு கேட்டா, நான் எங்க போய் நிக்கிறது?"

காயில்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்தில் போனோடு காதை ஒட்டி வைத்திருந்த மனைவி சொன்னாள்.

"திருப்பித் தரவே வேணாம்னு சொல்லுங்க. எங்க இருந்தாலும் அது நல்லா இருக்கட்டும்."