இருநூறு கிராம்

பசிபிக் தீவு நாடான டோங்காவில் அந்த வாரம் ஊர் ஊராக எடை பார்த்தார்கள். நாட்டில் எத்தனை பேர் உடல் பெருத்திருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குக் கணக்கு வேண்டுமாம். பௌலியாசி வந்தது அதற்காக அல்ல. நியூசிலாந்து ஆப்பிள் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் முகவர், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. நாற்பதுக்குக் கீழே என்று நர்ஸ் கையெழுத்துப் போட்ட அட்டை கேட்டிருந்தார். அட்டை இருந்தால் அடுத்த மாதம் விமானம். இல்லையென்றால் இன்னொரு வருஷம் மரவள்ளிக் காட்டில் குனிந்து கிடக்க வேண்டியதுதான்.

தேவாலயத் திடலில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"நூத்து இருபத்தாறு கிலோ தொள்ளாயிரம்," என்றாள் நர்ஸ் கலோலைனே. "நாற்பதைத் தாண்டுது அண்ணே. இருநூறு கிராம் கூட."

"நேத்து ரெண்டு மூட்டை கிழங்கை ஒரே தோள்ல தூக்கினேன். உன் தராசுக்கு அது தெரியுமா?"

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. பத்துல எட்டு பேர் அட்டவணையில சிவப்புக் கட்டத்துல இருக்கீங்க."

"அப்ப கட்டத்தை மாத்து!"

வரிசை குலுங்கிச் சிரித்தது.

"இடுப்புல சுத்தியிருக்கிற பாயை அவுருங்க. அதுவே ஒரு கிலோ இருக்கும்."

"செத்துப்போன அத்தைக்குத் துக்கமா கட்டின பாய் இது. அவுத்துட்டு ஊர்ல எந்த முகத்தோட நடப்பேன்?"

சிரிப்பு நின்றது. துக்கப் பாயை அவிழ்க்கச் சொன்னது தப்பு என்று அவளுக்கே தெரியும்.

பௌலியாசியின் மனைவி ஃபூசிதான் கண்டுபிடித்தாள். பாய் கணுக்கால்வரை தொங்கியதில் யாரும் கவனிக்கவில்லை. "யோவ், செருப்போட ஏறி நிக்கிறியே! நம்ம பன்னிக்கு இருக்கிற அறிவுகூடவா இல்ல?"

பௌலியாசி தராசிலிருந்து இறங்கி, பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கால்களை உதறினான். இடது செருப்பு பறந்தது. வலது வரவில்லை. மறுபடி உதறினான்.

"கோந்து தடவியிருக்கியா மாமா?" என்றான் பின்னால் நின்றவன்.

கலோலைனே மண்டியிட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தாள். கூரைத் தகரத்துக்கு அடிக்கும் ஆணியின் தலை, ரப்பரில் பதிந்திருந்தது.

"இது எப்ப ஏறுச்சு?"

"எது?"

அவள் செருப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு அங்குல ஆணி ரத்தத்தோடு வெளியே வந்தது. பௌலியாசி முகம் சுளிக்கவில்லை. காலையில் கூரை வேலை முடித்து, மூன்று மைல் அதன்மேலேயே நடந்து வந்திருக்கிறான்.

உள்ளங்காலில் அதன் பக்கத்திலேயே இன்னொரு குழி இருந்தது. பழையது. விரல் நுழையும் ஆழம், ஓரமெல்லாம் கறுப்பு. நாற்றம் எழுந்தது.

ஃபூசி வாயைப் பொத்தினாள். "எலி செத்துக் கிடக்குன்னு பத்து நாளா வீட்டுக்கடியில தேடினேனே…"

"சர்க்கரை முத்திப்போச்சு. கால்ல உணர்ச்சியே செத்துருக்கு," என்றாள் கலோலைனே. "இப்பவே ஆஸ்பத்திரி. இல்லேன்னா காலையே எடுத்துருவாங்க."

அவன் அதைக் கேட்டானா என்று தெரியவில்லை. எழுந்து தராசில் ஏறினான். வெள்ளைத் தட்டில் ரத்தம் பரவியது.

"நூத்து இருபத்தாறு நானூறு! கீழ வந்துடுச்சு. ஒரு கையெழுத்து போட்டுடு, நர்சம்மா."

கலோலைனே அவன் நீட்டிய அட்டையை வாங்கி, இரண்டாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். தன்னை அழைத்து வந்த வேன்காரனைக் கத்திக் கூப்பிட்டாள்.

"நானூறுதான் நர்சம்மா! நீயே பாரு!"

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். குனிந்து உள்ளங்காலைப் பார்க்க வயிறு விடவில்லை. கோந்து என்று கேலி பேசியவன் புல்லில் உட்கார்ந்து, பக்கத்து ஆளின் மடிமேல் காலைத் தூக்கிப் போட்டான்.

"பாத்துச் சொல்லுடா," என்றான். "ஏதாவது இருக்கா?"