மண்ணெண்ணெய் குடிக்காத எஞ்சின்

எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு லொறி ஏறியபோது ஆளாளுக்குப் பாத்திரம் பண்டம், கோழிக்கூடு என்று ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் பெரியசாமி ஒரு எஞ்சினை ஏற்றினார். பாரம் கூடிவிட்டது, எதையாவது இறக்குங்கள் என்று டிரைவர் கத்தினான். அவர் இறக்கியது என் அம்மியை. என் அம்மா சீதனமாகக் கொடுத்த அம்மி அது. எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தத் தெரிந்த மனுஷனுக்கு, பக்கத்தில் பெண்டாட்டி குளிரில் நடுங்குவது தெரியவில்லை.

அது லேசுப்பட்ட எஞ்சின் இல்லையாம். தோட்டத்துத் துரை மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட்டிய ரேஸ் காருடையது. கார் பள்ளத்தில் விழுந்து நசுங்கிப் போனது. சீமைக்குத் திரும்பிய துரை, எஞ்சினை மட்டும் கழற்றித் தன் காரைப் பார்த்துக்கொண்ட இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மன்னார்ப் பக்கம் முருங்கனில் நாங்கள் குடிசை போட்டு, பிறகு ஒரு சின்னக் கராஜும் போட்டோம். கராஜில் நல்ல இடம் எஞ்சினுக்குத்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு எண்ணெய்க் குளிப்பு நடக்கும். எனக்குச் சக்களத்தி இல்லாத குறையை அது தீர்த்து வைத்தது.

அப்படியிருக்க, முசலிக் கரையில் கருவாட்டு வியாபாரம் செய்த அப்துல் ஹமீட், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் டிராக்டரில் கயிறு கட்டி ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தார். கூரையில்லாத பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் இருக்கலாம். மன்னார் டவுனில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டிலில் கல்லின் மேல் நின்றதாம். சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. எஞ்சின் மட்டும் இல்லை.

"பாஸ், என்னட்டக் கார் இருக்கு, எஞ்சின் இல்ல. உங்களிட்ட எஞ்சின் இருக்கு, கார் இல்லையாம். ரெண்டையும் கட்டி வைப்பமா?" என்றார் நானா.

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற மாதிரி இருவரும் முழத்தை வைத்து அளந்தார்கள். பொருந்தவில்லை. பொருந்தாத கல்யாணத்தை ஊரில் எத்தனை பேர் நடத்தி வைக்கவில்லை? இவர்களும் வெட்டி, ஒட்டி, தட்டி, ஒன்றிரண்டு வருஷம் மாரடித்தார்கள். நானா வருகிற நாளெல்லாம் கேட்பார், "பாஸ், அந்தச் சத்தம் எப்பிடி இருக்கும்?" உடனே என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போடுவார். வளைவுக்கு வருகிறபோது ஒரு உறுமல், ஏற்றத்தில் ஒரு அலறல், உச்சியில் ஒரு கூவல். எச்சில் தெறிக்கும். நானா மெய்ம்மறந்து கேட்பார். நான் அடுப்படியில் காதைப் பொத்திக்கொள்வேன். தலைமன்னார் நேர் ரோட்டில் அதை ஒருமுறை முழுவேகத்தில் விட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் உலகத்தில் வேறு ஆசையே இல்லை.

வேலை முடிந்த கையோடு, தொண்ணூறாம் ஆண்டு, ஆமிக்கும் தமிழ் இயக்கத்துக்கும் மறுபடி சண்டை தொடங்கியது. எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. ஊரிலிருந்த பழைய கார்களெல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. மருந்துச் சீசாவிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிட்டால் அவை இருமிக்கொண்டு ஓடும்.

"இதையும் அப்பிடி ஓட்டினா என்ன?" என்று நானா கேட்டார்.

"அதுக்கு இது ஆளில்ல மொதலாளி. இது மண்ணெண்ணெ குடிக்காது," என்றார் இவர். அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு சீசா பெற்றோல். அதை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். சண்டை ஓய்ந்ததும் முதல் ஓட்டத்துக்காம்.

ஐப்பசியில் அந்த அறிவிப்பு வந்தது. முஸ்லிம் சனமெல்லாம் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று இயக்கம் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனது. கூடிப் பழகிய சனத்தை ஒரே வார்த்தையில் போ என்றால் எப்படிப் போவார்கள்? எங்களையும் ஒருநாள் அப்படித்தான் துரத்தினார்கள்.

மறுநாள் காலையில் நானா சைக்கிளில் வந்து இறங்கினார். அவருடைய மனைவி நசீறா கிணற்றடியில் விழுந்து தொடை எலும்பு உடைந்து, மாவுக்கட்டோடு முருங்கன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த நாள் மதியம் முசலிக் கரையிலிருந்து படகு. பிள்ளைகள் அங்கே மூட்டையோடு நின்றார்கள்.

"டிராக்டர்காரன், வேன்காரன் எல்லார்ட கால்லயும் விழுந்து பாத்திட்டன் பாஸ். பயத்தில ஒருத்தனும் வாறானில்ல. அந்தக் காலோட அவவ சைக்கிள்ல ஏத்தேலாது."

"நீங்க போய்ப் புள்ளைகளப் பாருங்க மொதலாளி. நசீறாம்மாவை நான் கொண்டாந்து சேக்கிறேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

நானா போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "எதுலங்க கொண்டு போவீங்க? அந்தச் சீசாப் பெற்றோல் பக்கத்துக் கட்டுக்கரைக் குளத்துக்குக்கூடப் பத்தாதே."

அவர் எஞ்சினின் தலையைக் கழற்றினார். பிஸ்டன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துணியில் வைத்தார். அவற்றின் தலை மேடாக எழும்பியிருந்தது. அந்த மேடுதான் உள்ளே காற்றை நெருக்கி ரேஸ் வேகத்தைக் கொடுக்கிறதாம். அந்த நெருக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் தன்னைத்தானே அடித்து உடைத்துக்கொள்ளுமாம். அந்த மேட்டைத் தேய்த்துத் தட்டையாக்க அவர் அரத்தை எடுத்தார்.

"இத அராவினா திரும்ப வளருமாங்க?"

"வளராது."

"அப்ப ஒரே ஒருதரம் திரும்பப் பூட்டி, அந்தப் பெற்றோல ஊத்திக் கேட்டுட்டு அராவுங்களேன்." இப்படிச் சொன்னது நான்தானா? எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வழியில நின்னு போனா திரும்ப ஸ்டார்ட் பண்ண அது வேணும் புள்ள," என்றார்.

பொழுது சாயும்வரை அராவினார். வெள்ளித்தூள் அவர் மடியில் கொட்டிக்கொண்டே இருந்தது. என் அம்மியை இறக்கியபோது ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன், அன்றைக்கு நாலாவது பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நசீறாவை முன் சீட்டில் சாய்த்து, கால் அசையாமல் தலையணை அண்டக்கொடுத்தோம். சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் நான் மூட்டை போல ஒடுங்கிக்கொண்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கார் ஓடியது. ஓடியது என்றா சொல்வது? இருமியது, தும்மியது, கரும்புகை கக்கியது. இரண்டு இடத்தில் நின்றும் போனது. இரண்டாவது தரம் சீசாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை கொடுத்துத்தான் கிளப்பினார். பள்ளத்தில் விழும்போதெல்லாம் நசீறா பல்லைக் கடித்துக்கொண்டு "அல்லாஹ்" என்றாள். நானும் முருகனைக் கூப்பிட்டேன்.

கரையில் சனம் மணலில் அலைந்துகொண்டிருந்தது. பூட்டிய வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆளுக்கொரு சின்ன மூட்டையோடு நின்றார்கள். நானா ஓடி வந்து நசீறாவைத் தூக்கினார். படகில் படுக்க வைத்தபின் திரும்பி வந்து, இன்னும் இருமிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார். அந்த அழுகைக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மண்ணெண்ணெய் குடிக்காது எண்டீங்க, ஊர்க் கிழட்டுக் காரெல்லாம் மாதிரி இதுவும் குடிக்குதே பாஸ்! ரேஸ் எஞ்சின் எண்டு உங்கள அந்தத் துரை நல்லா ஏமாத்திப் போட்டான். நீங்க வாயால போட்ட சத்தமே இதைவிடத் திறமா இருந்திச்சு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நானா, அது அப்பிடியில்ல..." என்று வாயைத் திறந்தேன்.

"செல்லாயி," என்று என் பேரைச் சொன்னார் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான் சொன்னார். பிறகு நானாவைப் பார்த்து, "ஆமாங்க மொதலாளி. ஏமாந்துதான் போனேன்," என்றார்.

"சரி விடுங்கோ. பழைய இரும்புக்குப் போட்டிருங்கோ," என்று நானா அவரைக் கட்டிப்பிடித்தார். படகு போனது.

கை காட்டி முடிந்ததும் நான் வெடித்தேன். "உசிர அராவிக் குடுத்திருக்கீங்க. அந்த மனுஷன் உங்கள ஏமாளின்னு சொல்லிட்டுப் போறாரு. ஏங்க வாயப் பொத்துனீங்க?"

அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "வீடு, கடை, தோணி, வாப்பாவைப் பொதைச்ச எடம், எல்லாத்தையும் விட்டுட்டுப் போறாரு புள்ள. எல்லாம் நெஞ்சுல கெடந்து அறுக்கும். இந்தக் காரையாச்சும் ஒண்ணுத்துக்கும் ஒதவாத சாமான்னு நெனச்சு விட்டுட்டுப் போகட்டும்."

நான் நசீறா சாய்ந்திருந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. கிளப்பச் சீசாவில் சொட்டில்லை. அவர் கதவுப் பக்கம் நின்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து தள்ளினேன். எதிரே சனம் மூட்டைகளோடு கரைக்கு வந்துகொண்டே இருந்தது. அந்த வரிசை ஓய்ந்து ரோடு வெறிச்சோடியதும், "ஏங்க, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் போடுங்களேன்," என்றேன். இத்தனை வருஷத்தில் வாய்விட்டு நான் அதைப் போடச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு முதல் வளைவின் உறுமலைத் தொடங்கினார். ஏற்றம் வந்த இடத்தில் குரல் உடைந்துபோனது. மிச்சத்தை நான் போட்டேன்.