எட்டு இருபதுக்கு வந்த அழைப்பு

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் நாத்தனார் சொன்னது. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். முடித்ததும், "அண்ணி, இதை எழுதிடாதீங்க" என்றாள். எழுதுகிறவளிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அன்று காலை வானம் மப்பும் மந்தாரமுமாக —

அடித்துவிட்டேன். அன்று அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்து: மின்னியக்கவியல் என்பது ஒரு —

அதையும் அடித்துவிட்டேன். நீங்கள் ஓடிப்போவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். அவள் இயற்பியல் பட்டப்படிப்பின் கடைசி வருடம். மின்னியக்கவியல் தாளில் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா, படிச்சுக் கிழிச்சது போதும், வீட்டுக்கு வந்து சேரு" என்று அவள் அண்ணன் சொல்லிவிட்டார். (அந்த அண்ணன் என் கணவர். அவர் சொன்னபோது பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றவர்கள் மறைத்ததை எழுதுவது சரியாக இருக்காது.)

3.

விடுதி அறையில் அவளோடு தங்கியிருந்தவள் ஒரு வருடம் இளையவள். அதே தாளை முதல் முறையாக எழுதப் போகிறவள். எல்லோரும் அவளைப் 'பார்முலா' என்று கூப்பிட்டார்கள். காரணம், அவள் ஒரு சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யமாட்டாள். கேட்டால் தாளை இழுத்துவைத்து அடியிலிருந்து வருவித்துக் காட்டுவாள்.

மூன்று வாரம் தன் படிப்பை ஓரங்கட்டிவிட்டு இவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். மேக்ஸ்வெல் சமன்பாடுகள் வரை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அது சார்பியலோடு சேரும் இடத்தில் இவள் மாடு மாதிரி படுத்துக்கொண்டாள்.

"மறுபடி கேளு. மின்சாரம் ஓடுற கம்பி. மொத்தத்துல அதுக்கு மின்சுமை கிடையாது. நீ ஒரு நேர்மின் துகள். எலக்ட்ரான் போற பக்கமே, அதே வேகத்துல கம்பியோரமா ஓடுறே. இப்ப உனக்கு எலக்ட்ரான் எப்படித் தெரியும்?"

"நிக்கிற மாதிரி."

"கம்பியில நிக்கிற நேர்மின் அயனி?"

"பின்னால ஓடும்."

"ஓடுறது நீளத்துல சுருங்கும். சுருங்கினா அயனிங்க நெருங்கிடும். அப்ப உன் கண்ணுக்குக் கம்பி நேர்மின்சுமையோட இருக்கு, உன்னைத் தள்ளுது. வெளியில நின்னு பாக்கிறவ அதைக் காந்தவிசைம்பா. உனக்கு அது வெறும் மின்விசை."

"அப்ப காந்தவிசை பொய்யா?"

"யாரும் பொய் சொல்லல. தள்ளினது தள்ளினதுதான். பேருதான் வேற."

(என் முதல் வரைவில் எலக்ட்ரான்கள் நெருங்குவதாக எழுதியிருந்தேன். நாத்தனாரிடம் ஜாடையாகக் கேட்டுத் திருத்திக்கொண்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.)

4.

தேர்வு நாள். காலை எட்டு இருபது. பார்முலா குளிக்கப் போயிருந்தாள். கட்டில்மேல் கிடந்த அவள் கைப்பேசி அடித்தது. நாத்தனார் எடுத்தாள்.

"சித்தி பேசுறேம்மா. அவ இல்லையா? அவ அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். பேச்சு இருக்கு, அவளைத்தான் கேக்குறாரு. உடனே கிளம்பி வரச் சொல்லும்மா."

"சரி, சொல்றேன்."

வைத்தாள். கைப்பேசியை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். ஈரத் தலையோடு வந்த பார்முலா, "யாருக்கா போன்ல?" என்றாள்.

"ராங் நம்பர்."

இந்த இடத்தில் நான்கு நாள் நின்றுவிட்டேன். அவளைச் சொல்லவைத்துவிடலாம் என்று கை துடித்தது. ஒரு வரிதான்: "உங்க சித்தி —"

அவள் சொல்லவில்லை.

5.

பத்து மணிக்கு இருவருக்கும் தேர்வு. ஐந்தாம் கேள்வி அந்தக் கம்பியும் துகளும்தான். நாத்தனார் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

ஒரு மணிக்கு அறைக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். பார்முலா கைப்பேசியை உயிர்ப்பித்துச் சித்தியை அழைத்தாள். கேட்டாள். வைத்தாள்.

"பதினொண்ணே கால் வரைக்கும் உசிரு இருந்துச்சாம். எத்தனை மணிக்கு வந்துச்சு போன்?"

"எட்டு இருபது."

"எட்டே முக்கால் பஸ். ரெண்டு மணி நேரம்." கணக்கை வாய்விட்டுத்தான் போட்டாள். "அரை மணி நேரம் பேசியிருப்பேன்."

அழவில்லை. இரண்டு சுடிதாரைப் பையில் திணித்தாள். வாசலில் நின்று, "அஞ்சாவது கேள்வி எழுதினியாக்கா?" என்றாள்.

"எழுதினேன்."

தலையாட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. மீதிச் சாமான்களைச் சித்திதான் வந்து எடுத்துப்போனார்.

(பதினொன்றே காலுக்கு நாத்தனார் ஐந்தாம் கேள்வியில் இருந்தாள் என்று எழுத ஆசைப்பட்டேன். கதைக்கு நன்றாக இருக்கும். அவளுக்கு நினைவில்லை. தூரத்தில் நடக்கும் இரண்டை 'ஒரே நேரம்' என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது என்றுதான் அந்தப் பாடமே சொல்கிறதாம்.)

6.

அந்தத் தாளில் அவள் தேறினாள். பட்டமும் வாங்கினாள். இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. அந்தப் பாடம் பள்ளியில் வராது. அதற்காகவே பள்ளிக்குப் போனாள்.

மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் இருவரும் ரயில் நிலையத்தில் சந்தித்துக் கட்டிக்கொள்கிறார்கள். வெட்கக்கேடு. இன்னொன்றில், மகள் போயிருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டோம் என்கிறார் மருத்துவர். அப்படி யாரும் சொன்னதில்லை. மூன்றாவதில், தோழியின் தேர்வு கெடக்கூடாது என்றுதான் மறைத்தாள். அதை நம்பத் தயாராக இருந்தேன். அவளிடமே கேட்டேன்.

"அவளுக்காகத்தான்னு நெனச்சுதான் மறைச்சேன் அண்ணி." மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "ஆனா அவ தலை துவட்டுறதுக்குள்ள நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நோட்டைத் தூக்கிட்டுப் போயி, 'இந்தக் கம்பிக் கணக்கை ஒரே ஒரு தடவை சொல்லேன்'னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே உக்காந்து சொன்னா. இருபது நிமிஷம். அதுக்குள்ள பஸ் போயிருக்கும்."

பதினாறு வருடம் கழித்து, இதை முதல் முறையாக ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், ஏதாவது சொல்வேன் என்று. வார்த்தைகளோடே குடித்தனம் நடத்துகிற எனக்கு ஒன்றும் வரவில்லை. உங்களுக்கு வந்தால் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.