வாங்கன்னு சொன்னதுக்கு வந்துட்டாங்க

பானுப்பிரியா வாயைத் திறந்தால் சண்டை வரும், பேனாவைத் திறந்தால் சம்மன் வரும் என்று கல்லூரியில் சொல்வார்கள். துபாய்க்கு வந்த மூன்று வருஷத்தில் சண்டைக்குக் குறைவில்லை. சம்மன் மட்டும் பாக்கியிருந்தது. அது 2008 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹாலிதா மேடத்தின் அறையிலிருந்து வந்தது.

அல் கூஸில் ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனி. பானுவுக்கு அங்கே ஃபைல்களைக் கட்டி மேய்க்கும் வேலை. ஹாலிதா மேடம் எச்.ஆர். மேனேஜர். அலுவலகத்தில் இருந்த ஒரே உள்ளூர்க்காரப் பெண்மணியும் அவர்தான். கம்பெனியின் பத்தாம் ஆண்டு மலருக்கு எல்லாரும் 'என் இரண்டாவது வீடு' என்று ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று உத்தரவு. மற்றவர்கள் வானத்தைத் தொடும் கட்டடம், குப்பையில்லாத சாலை, பாலைவனத்தில் பூத்த பூ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பானு இப்படி எழுதினாள்:

"இது என் இரண்டாவது வீடு இல்லை. வீடு என்றால் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்கவேண்டும். மலையாளி கடையில் டீ குடிக்கிறேன். பாகிஸ்தான் பட்டாணியரின் டாக்சியில் போகிறேன். பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் சோப்பு வாங்குகிறேன். இந்த நாட்டுக்காரர்களைக் கார் கண்ணாடிக்குள்ளேயும் கவுன்டருக்குப் பின்னாலேயும்தான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் உப்பை எதில் போட்டு வைப்பார்கள் என்றுகூடத் தெரியாது. ஒருவரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் அரபு நாட்டில் வாழ்கிறேன் என்பதற்கு, கம்பெனி லாக்கரில் கிடக்கும் என் பாஸ்போர்ட் மட்டும்தான் சாட்சி."

அந்தத் தாள்தான் இப்போது மேடத்தின் மேஜைமேல் கிடந்தது. மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். கறுப்பு அபாயா அங்கி, மூக்கு நுனியில் கண்ணாடி. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"நல்லா எழுதியிருக்க. ஒருத்தரும் கூப்பிடலைன்னு கோபம். சரி. நீ யாரைக் கூப்பிட்ட?"

பானு தலையைக் குனிந்து தாளைப் பார்த்தாள். அபூர்வம்.

"பன்னிரண்டு வருஷமா இந்தியர்களோட வேலை பார்க்கிறேன். ஒரு இந்திய வீட்டுச் சமையலறையை நான் பார்த்ததில்லை. உப்பை எதுல போட்டு வைப்பீங்கன்னு எனக்கும் தெரியாது."

மேலதிகாரி சொல்வது நியாயமாக இருந்தால் பானுவுக்குக் கோபம் இரண்டு மடங்காகும். "அப்ப வாங்க மேடம். வெள்ளிக்கிழமை சாப்பிட வாங்க" என்றாள் வெடுக்கென்று.

நம் ஊரில் 'வீட்டுக்கு வாங்க' என்பது வணக்கத்தில் பாதி. 'அதுக்கென்ன, ஒருநாள் வந்தாப் போச்சு' என்பார்கள். அந்த ஒருநாள் எந்தக் காலண்டரிலும் இருக்காது. கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. ஹாலிதா மேடம் டைரியை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஜும்ஆ தொழுகை முடிஞ்சு ஒன்றரை மணிக்கு வர்றேன். வீட்டு நம்பர் சொல்லு."

சத்வாவில் பானு இருந்தது ஒரு பழைய வில்லா. மூன்று அறை, ஒரு கூடம், ஒரே ஒரு குளியலறை, ஒன்பது பெண்கள். எல்லாம் இரண்டடுக்கு இரும்புக் கட்டில். வில்லாவை வாடகைக்கு எடுத்துக் கட்டில் கட்டிலாக விட்டிருந்தவள் சுகந்தா. யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு கிளினிக்கில் வரவேற்பு வேலை. அந்த வருஷம் 'ஒரு வில்லாவுக்கு ஒரு குடும்பம்' என்று முனிசிபாலிட்டி கண்டிப்பாக இருந்தது. பக்கத்துத் தெருவில் இரண்டு வில்லாக்களைக் காலி செய்ய வைத்து, கட்டிலும் பெட்டியும் மனிதர்களும் ரோட்டில் நின்றதை ஒன்பது பேரும் பார்த்திருந்தார்கள். அன்றிலிருந்து காலிங்பெல் அடித்தால் முதலில் டி.வி. சத்தம் நிற்கும். பிறகு மூச்சு.

"உமக்கென்ன விசரே?" சுகந்தா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "அரபிப் பொம்பிளையை இஞ்ச கூப்பிட்டனீரோ? அவ கட்டிலை எண்ணிப்போட்டு ஒரு போன் அடிச்சாக் காணும். ஒன்பது பேரும் தெருவில!"

"அவங்க முனிசிபாலிட்டி இல்லக்கா. எச்.ஆர்."

"எச்.ஆரிட்டப் போன் இல்லையோ?"

மேல் கட்டிலிலிருந்து அருணாவின் தலை தொங்கியது. அருணா நாகர்கோவில்காரி, அழகு நிலையத்தில் வேலை. "அம்மை போட்டிருக்குன்னு சொல்லுடி. கார் வந்த வழியே திரும்பிடும்."

"வேண்டாம்னு சொல்லமாட்டேன்" என்றாள் பானு.

"ஏன்? நாக்குச் சுளுக்கோ?" என்றாள் சுகந்தா.

பானுவுக்கு ஒரு நாற்காலி ஞாபகம் வந்தது. பரமக்குடிப் பக்கம் அவளுடைய தெருவில் அவள்தான் முதல் பட்டதாரி. கல்லூரிக்கு மனுப்போட்டபோது ஒரு சான்றிதழுக்காக கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அம்மா பக்கத்துத் தெருவரை ஓடி நாற்காலி வாங்கிவந்து போட்டாள். செம்பில் தண்ணீரும் பக்கத்தில் வைத்தாள். அவர் நாற்காலியைத் துண்டால் தட்டினார், உட்காரவில்லை. தண்ணீரைத் தொடவில்லை. வாசலுக்கு வெளியே நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தத் தண்ணீரை அம்மா முருங்கைக்கு ஊற்றினாள். பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் அவர்கள் வீட்டில் கை நனைத்ததாக அவள் பரம்பரையிலேயே கதை கிடையாது.

இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. "என் வீட்டுக்குன்னு ஒருத்தர் சாப்பிட வர்றாங்கக்கா. இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்து முறைத்தாள்.

சுகந்தா கரண்டியை மறு கைக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்: "அவ நண்டு சாப்பிடுவாவோ?"

வெள்ளிக்கிழமைக்குச் சட்டம் தயாரானது. ஆறு பேர் வெளியே போய்விடவேண்டும். சுகந்தா, பானு, அருணா மூவர் மட்டும் இருக்கவேண்டும். கேட்டால் அக்கா தங்கச்சிகள்.

"ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி பரமக்குடி, ஒருத்தி நாகர்கோவில்" என்றாள் அருணா. "எங்கப்பா லாரி டிரைவர்னு சொல்லிடலாம்."

"எனக்குப் பொய் சொல்ல வராதுக்கா" என்றாள் பானு சுகந்தாவிடம்.

"வராட்டி வாயை மூடிக்கொண்டிரும். அதுவும் உமக்கு வராதுதான்."

ஒரு மணிக்கு ஆறு பேரும் மெயின் ரோட்டில் இருந்த ஏ.சி. போட்ட பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார்கள். கட்டில்களைச் சேலையால் மறைத்தாயிற்று. ஆறு பேரின் மீதிச் செருப்பும் மூட்டையாகிக் கட்டிலுக்கடியில் போயிற்று. தெருவின் நான்கு வில்லாக்களுக்கும் வாட்ச்மேனாக இருந்த கீழக்கரை கௌஸ் முகைதீனிடம், விருந்தாளி வருகிறார் என்று சொல்லிவைத்தாயிற்று. விருந்தாளி அரபி என்று சொல்ல மட்டும் எல்லாரும் மறந்துபோனார்கள்.

ஒன்றரைக்கு ஒரு வெள்ளை லேண்ட் குரூசர் தெருமுனையில் நின்றது. அபாயா அணிந்த பெண்மணி இறங்கினார். கையில் ஒரு தாள். ஒவ்வொரு வாசலாக நம்பரைப் பார்த்து, தாளைப் பார்த்து, அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

முகைதீன் பாய் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து தெருவே அதிரக் கத்தினார்: "முனிசிபாலிட்டி வந்திருச்சுடோய்!"

எதிர் வில்லாவில் பதினெட்டு கொத்தனார்கள். பின்சுவர் மேல் முதலில் மெத்தைகள் பறந்தன. பிறகு தலையணைகள். பிறகு ஆட்கள். ஒருவர் பாதியில் திரும்பி ஓடி, குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். ஹாலிதா மேடம் தாளைக் கீழே இறக்கி, கடைசி ஆள் குதிக்கும்வரை நின்று பார்த்தார். பிறகு வண்டியிலிருந்து மூடி போட்ட பெரிய தாம்பாளம் ஒன்றை இறக்கித் தானே சுமந்துவந்து பெல் அடித்தார்.

"கனமா இருக்கு, பிடி" என்றார் பானுவிடம். "உங்க தெருவுல எல்லாரும் ஏன் சுவரேறிக் குதிக்கிறாங்க?"

"உடற்பயிற்சி மேடம்" என்றாள் அருணா. "லீவு நாள் இல்லையா."

மேடம் அவர்கள் போட்ட நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு பேரும் சகோதரிகளா?"

"யெஸ்" என்றாள் சுகந்தா, தலையை எல்லாப் பக்கமும் ஆட்டி.

"மாஷா அல்லாஹ்" என்றார் மேடம். கை கழுவக் குளியலறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"உள்ளே ஒன்பது பிரஷ் இருக்கே?"

ஒன்பது குவளை, ஒன்பது பிரஷ், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய பிளாஸ்திரி. செருப்பை மறைத்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

"பானுவுக்குப் பல்லில கொஞ்சம் பிரச்சினை" என்று சுகந்தா தெரிந்த ஆங்கிலத்தில் சமாளித்தாள்.

மேடம் கவலையோடு பானுவின் பல்லைப் பார்த்தார். முப்பத்திரண்டையும் கடித்துக்கொண்டு ஐந்து விநாடி தாக்குப்பிடித்த பானு, அதற்குமேல் முடியாமல் வாயைத் திறந்தாள்.

"மேடம், எல்லாம் பொய். இவங்க என் அக்காவும் இல்ல, இவ என் தங்கச்சியும் இல்ல. ஒன்பது பேர் இருக்கோம். மீதி ஆறு பேர் உங்களுக்குப் பயந்து பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்காங்க. எதிர்வீட்டுல குதிச்சதும் உங்களுக்குப் பயந்துதான். நீங்க ஒரு போன் போட்டா நாளைக்கு எங்களுக்குப் படுக்க இடமில்ல. போடுறதா இருந்தா சாப்பிட்டுட்டுப் போடுங்க. அக்கா விடியக்காலையில எந்திரிச்சு நண்டு உடைச்சிருக்காங்க."

மேடம் கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். சுகந்தா கண்ணை மூடிக்கொண்டு நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டாள்.

மேடம் போனைப் பானுவிடம் நீட்டினார். "அந்த ஆறு பேரையும் வரச்சொல்லு. விருந்தாளி வந்தா வீட்டு ஆளுங்களை வெளியே துரத்துறது உங்க ஊர் வழக்கமா?"

"மேடம், நீங்க..."

"நான் எச்.ஆர். வெள்ளிக்கிழமை அதுவும் இல்ல. ராஸ் அல் கைமாவுல எங்க அப்பா வீட்டுல ரெண்டு அறையில பதினோரு பேர் படுப்போம். என்ன, ஒன்பது பிரஷ் கிடையாது. குச்சிதான். யல்லா, கூப்பிடு. சாப்பாடு ஆறுது."

பத்து நிமிஷத்தில் ஆறு பேரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக நுழைந்தார்கள். "மூணு பஸ் டிரைவருங்க திட்டிட்டானுங்க, ஏறவும் மாட்டேங்கிறீங்க, எந்திரிக்கவும் மாட்டேங்கிறீங்கன்னு" என்று முறையிட்டாள் நாகவள்ளி. ஓர் ஓட்டலில் அறை கூட்டுகிறவள். மேடத்தைக் கண்டதும் அருணாவின் பின்னால் ஒதுங்கினாள்.

தாம்பாளத்தின் மூடி திறந்தது. ஹரீஸ். கோதுமையும் ஆட்டிறைச்சியும் ஒன்றாகக் குழைந்து, மேலே நெய் குளம் கட்டியிருந்தது. சுகந்தா தட்டு எடுக்க எழுந்தாள்.

"பத்துத் தட்டை யார் கழுவுறது? எல்லாரும் இதுலயே சாப்பிடுங்க."

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறர் எச்சில் படக்கூடாது என்று தண்ணீரையே அண்ணாந்து குடித்து வளர்ந்தவர்கள். மேடத்தின் கை முதலில் இறங்கியது. பக்கத்தில் தயங்கித் தயங்கி நாகவள்ளியின் கை இறங்கியது. மேடம் ஒரு கறித்துண்டைப் பிய்த்து நாகவள்ளியின் பக்கம் தள்ளிவிட்டார். பானு அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு அவளும் கையை விட்டாள். சூடு விரலைச் சுட்டது. சுட்டாலும் எடுக்கவில்லை.

"வெண்பொங்கல்ல ஆடு விழுந்த மாதிரி இருக்கு" என்றாள் அருணா தமிழில். "நல்லாயிருக்கு. உப்புதான் கம்மி."

"என்ன சொல்றா?" என்றார் மேடம்.

"உப்பு கம்மின்னு சொல்றா" என்றாள் பானு. மறைத்துச் சொல்ல அவளுக்கு இன்னும் வரவில்லை.

மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் நண்டை வாயில் வைத்துவிட்டார். மூக்கு சிவந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. விக்கல் வந்தது. "இது சாப்பாடா, தண்டனையா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது காலை உடைத்தார். சுகந்தாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "வடிவாச் சாப்பிடுங்கோ மேடம்" என்று சட்டியையே நகர்த்தி வைத்தாள். அது எந்த மொழி என்று மேடம் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மேடம் சேலை மறைப்பை விலக்கி, நாகவள்ளியின் கீழ்க்கட்டிலைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்" என்று சாய்ந்தார். ஐந்தாவது நிமிஷத்தில் மெல்லிய குறட்டை வந்தது. ஒன்பது பேரும் கட்டிலைச் சுற்றிக் கைவிரலில் காயாத நெய்யோடு நின்றார்கள். எழுப்பலாமா, எழுப்பினால் கோபித்துக்கொள்வாரா, கால் பக்கம் போர்த்திவிடலாமா என்று கிசுகிசுப்பில் ஒரு மாநாடே நடந்தது. ஹாலிதா மேடம் புரண்டு படுத்தார். மாநாடு கலைந்தது.

கதவு லேசாகத் தட்டப்பட்டது. முகைதீன் பாய். அவருக்குப் பின்னால், தெருமுனையில், மெத்தையைத் தலையில் சுமந்தபடி கொத்தனார்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, முனிசிபாலிட்டி போயிருச்சா? பயலுக வெயில்ல நிக்கிறாக."

"தூங்குது பாய்" என்றாள் பானு. "உள்ள வரச்சொல்லுங்க. சத்தம் மட்டும் போடாம வரச்சொல்லுங்க."